மைனியின் கொழும்புக் குப்பி

மைனி இருந்த வீட்டில் எதையும் மிச்சம் வைத்துவிட்டு எழுந்து போக முடியாது. சட்டியின் அடியில் ஒரு கரண்டி தீயல் கிடந்தால் போதும், "களயாண்டாம், இங்க தா" என்று கை நீளும். தூக்கி எறிவதை எங்கள் பக்கத்தில் களைவது என்போம்; களயாண்டாம் என்றால் களைய வேண்டாம். அந்தச் சொல்லை 'வேண்டாம்' சேர்க்காமல் அவள் சொல்லி வெகு காலம் நான் கேட்டதே இல்லை.

மைனி என்றால் என் அண்ணன் மனைவி. வெள்ளைக்காரன் போன வருஷம் எங்கள் வீட்டுக்கு வந்தாள். ஊரைச் சுற்றி வயலாகக் கிடந்தும் அரிசியை அளந்து கொடுத்த காலம் அது. கல்யாண விருந்தில் பாதிப் பேர் வயிற்றை மரச்சீனிக் கிழங்கை அவித்துப் போட்டுத்தான் நிரப்பினோம். அந்தப் பஞ்சம்தான் அவளை இப்படி ஆக்கிவிட்டது என்பான் அண்ணன். நான் நம்பியதில்லை. அதே பஞ்சத்தைப் பார்த்த எங்கள் பெரியம்மா அரைச் சட்டிக் குழம்பைக் கூசாமல் சாக்கடையில் கவிழ்ப்பாள். இது மைனியின் பிறவிக் குணம். சிலருக்குப் பாட்டு வருகிறது, சிலருக்குக் கோபம் வருகிறது, இவளுக்கு மிச்சம் கண்ணில் பட்டுவிடுகிறது, அவ்வளவுதான்.

சோப்புத் துண்டுகளைச் சேர்த்து உருட்டி வைப்பாள். பல நிறத்தில் ஒரு உருண்டை. அதைத் தேய்த்துக் குளித்தால் உடம்பில் என்ன மணம் வருகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. நான் வடசேரிச் சந்தையில் ஒரு கருப்பட்டி மண்டியில் வேலை பார்த்தேன். என் மேல் வரும் வாசத்தைப் பிடித்து அங்கே என்னைக் கேலி செய்யாத ஆள் இல்லை. இனயத்திலிருந்து மீன் கொண்டுவரும் அக்காள் ஊரெல்லாம் விற்று முடித்துவிட்டுக் கடைசியில்தான் எங்கள் வீட்டு நடையில் கூடையை இறக்குவாள். அடியில் கிடக்கும் வால் ஒடிந்த சாளையையும் தலை நசுங்கிய நெத்திலியையும் திருப்பிக் கொண்டுபோக மைனி விடமாட்டாள் என்று அவளுக்குத் தெரியும்.

அப்பா வரப்பில் வழுக்கி விழுந்து, படுத்த படுக்கையாகி, ஒரு மழைக்காலத்தில் போய்ச் சேர்ந்தார். சடங்கெல்லாம் முடிந்த பிறகு பார்த்தால் மைனி அவருடைய மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அரிசியில் கல் பொறுக்குகிறாள். அவள் கண்ணுக்கு ஒரு குறையும் கிடையாது.

"மைனி, இதென்ன வேசம்?"

"நல்ல கண்ணாடிடே. மாமா ஆசயா வாங்கினது. சும்மா கெடந்து பாழாப் போவாண்டாமின்னு பாத்தேன்."

சில நாள் அதை மாட்டிக்கொண்டே நடமாடினாள். வாசல்படி எங்கே இருக்கிறது என்று தெரியாமல் காலை அந்தரத்தில் தூக்கி வைப்பாள். பசுமாட்டின் மேல் போய் முட்டிக்கொண்ட அன்றைக்குத்தான் கழற்றினாள். நாங்கள் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அப்பா அவளிடம் பிரியமாக இருந்தார், அவளும் அவரிடம் அப்படித்தான். அதனால் அந்தச் சிரிப்பில் கொஞ்சம் அழுகையும் கலந்துதான் இருந்தது.

கண்ணாடியோடு நின்றுவிட்டது என்றுதான் நாங்கள் நினைத்தோம். அப்பாவின் இன்னொரு சாமானும் அரங்கு என்னும் உள்ளறையின் பரணில் இருந்தது எங்கள் யாருக்கும் நினைவில் இல்லை. அவருக்கு முட்டுக்கு முட்டு வீக்கம் இருந்தது. கொழும்பில் கடை வைத்திருந்த என் தாய்மாமன் அதற்காக ஒரு பெரிய குப்பி நிறைய மாத்திரை கொண்டுவந்து கொடுத்திருந்தார். தவிட்டு நிறக் கண்ணாடி, அகன்ற வாய், நல்ல இறுக்கமான மூடி. அப்பா தின்றது கொஞ்சம். மீதி அப்படியே கிடந்தது.

நாஞ்சில்நாடு தமிழ்நாட்டோடு சேர்வதற்கு முந்தைய வருஷம், சித்திரை மாதம். எனக்குப் பெண் பார்த்து, ஆவணியில் கல்யாணம் என்று பேசி முடித்திருந்தார்கள். ஒரு நாள் மீன்கார அக்காள் கூடையை இறக்கினாள். மைனி குனிந்தாள். அக்காள் சட்டென்று ஓலையால் கூடையை மூடினாள்.

"எக்கா, ஒங்க கண்ணு என்ன இப்பிடி மஞ்சளிச்சுக் கெடக்கு?"

"மஞ்ச தேச்சுக் குளிச்சேன்."

"கண்ணுக்குள்ளயுமா தேச்சிய?"

மஞ்சள் குளிக்கிற வீட்டில் காமாலை வந்தால் இதுதான் சங்கடம். முகமும் கழுத்தும் மஞ்சளாக இருப்பதை நாங்கள் தினம் பார்க்கிறவர்கள். யாருக்கும் சந்தேகமே வரவில்லை. கல்யாண வேலையில் களைத்துப்போயிருக்கிறாள், அதனால்தான் சோறு இறங்கவில்லை என்று நினைத்திருந்தோம். அன்றைக்கு அந்த அக்காள் மிச்ச மீனைத் தர மறுத்து, கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு போனாள். அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

பெரியம்மா கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொண்டுவந்தாள். ஒரு சொட்டு விடாமல் குடித்தாள் மைனி. தண்ணீர் ஓதிக் கொடுத்தார்கள், அதையும் குடித்தாள். மஞ்சள் இறங்கவில்லை. ஏறத்தான் ஏறியது. இரண்டு சின்னப் பிள்ளைகள், அண்ணனோ வாய் திறந்து பேசாத ஆள். ஒரு நாள் அவன் என்னைத் தொழுவத்துப் பக்கம் கூப்பிட்டு, "நீ கூட்டிட்டுப் போடே, எனக்குக் கேக்கத் தைரியம் இல்ல" என்றான். நான் மைனியை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு ஆசுபத்திரிக்குப் போனேன்.

அங்கிருந்த டாக்டரம்மா எங்கள் பக்கத்துப் பெண்தான். மதராஸில் படித்து வந்தவள். வயிற்றை அமுக்கிப் பார்த்தாள், நகத்தைப் பார்த்தாள், ரத்தம் எடுத்தாள். தண்ணீரால் வந்த காமாலையாக இருந்தால் இதற்குள் குறைந்திருக்க வேண்டும், வீட்டில் வேறு யாருக்காவது வந்திருக்கவும் வேண்டும் என்றாள். அப்படி யாருக்கும் வரவில்லை.

"வேற என்ன மருந்து சாப்பிடுகிய?"

"மருந்தா? கீழாநெல்லி தந்தாவ, குடிச்சேன். மத்தபடி நான் மருந்தே தின்னியதில்ல டாக்டரம்மா."

டாக்டரம்மா யோசித்துக்கொண்டே ஒரு டானிக் எழுதினாள். நான் அதை வாங்கிக்கொண்டு திரும்பி வந்ததும் மைனி அந்தக் குப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு ரொம்பப் பொறுப்பாக ஒரு கேள்வி கேட்டாள்.

"இத எப்பம் தொடங்கணும்? வீட்டுல கெடக்கியத முடிச்சிட்டுத் தொடங்கினாப் போருமா?"

"வீட்டில என்ன கெடக்கு?"

"கொளும்பு மாத்திரை. இன்னும் கால் குப்பி இருக்கு. ரெண்டயும் சேத்துத் தின்னா ஒண்ணு பாழாப் போவும்லா."

டாக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தாள்.

"அது யாருக்க மருந்து?"

"எனக்க மாமனாருக்க மருந்து. மாமா போயாச்சு, மருந்து கெடந்துது. எனக்கும் முட்டுல வலி உண்டு. கார்த்திகயில எடுத்துத் தின்னத் தொடங்கினேன். நல்லாக் கேட்டுது."

"நான் கேட்டப்ப மருந்தே தின்னியதில்லன்னு சொன்னியளே?"

மைனிக்கு அந்தக் கேள்வியே விளங்கவில்லை. "அது எனக்க மருந்து இல்லியே டாக்டரம்மா. அது மிச்சம்லா" என்றாள்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. டாக்டரம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுபோயிற்று. வீட்டில் இருக்கிற எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னாள். மறுநாள் மைனியையும் கூட்டிக்கொண்டு, ஒரு ஓலைக் கடவத்தில் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போனேன். கொழும்புக் குப்பி, சித்தி மகள் பிள்ளை பெற்றபோது தின்று மீந்த லேகியம், பிள்ளைகளின் பூச்சி மருந்து, யாருக்கு வாங்கியது என்றே தெரியாத இருமல் மருந்து. எல்லாமே பாதிக்குக் கீழே இறங்கியிருந்தன. டாக்டரம்மா ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துவிட்டு, கொழும்புக் குப்பியை மட்டும் தனியாக வைத்தாள்.

"இத நாங்க இப்பம் யாருக்கும் குடுக்கியதில்ல. முட்டுவலி போவும். ஆனா சிலபேருக்கு ஈரலக் கெடுத்துப் போடும்."

"அப்பம் இதுதானா?" என்று கேட்டேன்.

"இதுவா இருந்தா நல்லது" என்றாள். எனக்குப் புரியவில்லை. அவள் மைனியைப் பார்த்தே சொன்னாள். "ஒங்களுக்கு முட்டுவலியும் இருக்கு, காமாலையும் இருக்கு. இப்பிடிச் சேந்து வாற வேற ஒரு தீனமும் உண்டு. நம்ம ஒடம்பே நம்ம ஈரல அன்னியம்னு நெனச்சு அழிக்கத் தொடங்கும். வெளிநாட்டுல இப்பத்தான் இதப்பத்திப் பேசத் தொடங்கியிருக்காவ. அப்பிடியா இருந்தா எங்கிட்ட மருந்து இல்ல. ஒரு மாசம் எந்த மருந்தும் தொடாதிங்கோ. பச்சிலையும் வேண்டாம், நான் தந்த டானிக்கும் வேண்டாம். எண்ணெய்ப் பலகாரமும் வேண்டாம். மஞ்ச எறங்கினா மாத்திரைதான் காரணம். எறங்கல்லேன்னா..."

மைனி கொழும்புக் குப்பியை எடுத்துத் திரும்பக் கடவத்தில் போட்டு, கடவத்தை மடிமேல் வைத்துக்கொண்டாள்.

"எனக்க ஒடம்பு எனக்கு அப்பிடிச் செய்யாது" என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் வாழைத்தோட்டத்தில் என்னை ஒரு குழி வெட்டச் சொன்னாள். லேகியம் விழுந்தது, இருமல் மருந்து விழுந்தது. கொழும்புக் குப்பிக்கு வந்தபோது கை நின்றுவிட்டது. கால் குப்பி நல்ல மாத்திரை, அத்தனையும் முழுசு முழுசாக. அவள் கண்ணில் தண்ணீர் வந்ததை நான் பார்த்தேன். பிறகு மூடியைத் திருகித் திறந்து அப்படியே கவிழ்த்தாள். நான் மண்ணைத் தள்ளினேன். குப்பியை வாங்கி அதையும் போடப் போனேன்.

"குப்பி என்ன தப்புச் செஞ்சுது? இங்க தா" என்று பிடுங்கிக்கொண்டாள்.

சாம்பலும் நாரும் போட்டுத் தேய்த்து, வெயிலில் பல நாள் காயவைத்து, மண்ணெண்ணெய் ஊற்றி வைத்துக்கொண்டாள். அந்த நிலையிலும் அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

அதன் பிறகு வந்தது காத்திருப்பு. மாத்திரையை நிறுத்தியதும் முட்டுவலி திரும்ப வந்தது. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை, எழுந்தால் உட்கார முடியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தினமும் காலையில் முற்றத்து வெயிலுக்கு வந்து கீழ் இமையை விரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு நிற்பாள்.

"பாரு மக்கா."

அண்ணனிடம் கேட்கமாட்டாள். அவன் பார்க்காமலே "கொறஞ்சிருக்கு" என்று சொல்லிவிடுவான். என்னிடம் கேட்டால் உள்ளதைச் சொல்வேன் என்று அவளுக்கு நம்பிக்கை. உள்ளதைச் சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. அதனால், நாங்கள் சக்கை என்கிற பலாப்பழத்தை வைத்துக் கேலியாகச் சொன்னேன்.

"சக்கைச்சுளை மைனி. தேன் வரிக்கை."

"சவத்துப்பய" என்று திட்டிவிட்டு உள்ளே போவாள். மறுநாளும் சக்கைச்சுளைதான். அதற்கு மறுநாளும் அதேதான். கேலி செய்துவிட்டு நான் சைக்கிளை மிதித்து வடசேரிக்குப் போகும்போது வழியெல்லாம் அழுகை முட்டும். அவள் இல்லாமல் எனக்கு ஒரு கல்யாணம் நடப்பதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

வலியைக்கூட அவள் பொறுத்துக்கொண்டாள். வீட்டுக்கு வருகிறவர்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. காமாலை என்று கேள்விப்பட்டால் எங்கள் ஊரில் யாரும் வெறுங்கையோடு வரமாட்டார்கள். ஒருத்தி வேர் கொண்டுவருவாள், ஒருத்தி எண்ணெய் கொண்டுவருவாள். கொண்டுவந்ததைக் குடிக்காவிட்டால் வந்தவளுக்கு மனத்தாங்கல். இவளோ ஒருவர் தருவதை ஜென்மத்தில் 'வேண்டாம்' என்று சொல்லிப் பழகாதவள். பெரியம்மா அரைத்துக் கொண்டுவந்த கீழாநெல்லிக் கிண்ணம் ஒரு காலைப்பொழுது முழுக்க மைனியின் முன்னால் இருந்தது. அவள் அதைப் பார்க்கிறாள், பெரியம்மாவைப் பார்க்கிறாள். மோர் திரிந்து ஈ மொய்க்கத் தொடங்கியது.

"குடியேன் ஏட்டி, வீணாப் போவுகு பாரு" என்றாள் பெரியம்மா.

யாரிடம் என்ன சொல்லக் கூடாதோ அதைச் சொல்லிவிட்டாள். மைனியின் கை கிண்ணத்துக்குப் போனது. அடுப்படிக் கதவுப் பக்கம் நின்ற நான் தடுக்க ஓரடி எடுத்து வைத்தேன். அவள் கிண்ணத்தை எடுத்து, மெல்ல நகர்த்தி, பெரியம்மாவின் பக்கம் வைத்தாள்.

"வேண்டாம் பெரியம்மே" என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்கே அவளுக்கு வியர்த்துவிட்டது. ஆனால் ஒருமுறை சொல்லிவிட்டாள் அல்லவா, அதற்குப் பிறகு அவளைப் பிடிக்க முடியவில்லை. சிதறாலில் இருந்து அண்ணனுக்கு மாமன் முறையான வைத்தியர் ஒருவர் செந்தூரப் பொட்டலத்தோடு வந்தார். தேனில் குழைத்து நாக்கில் தடவி, அவள் விழுங்குவதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று உட்கார்ந்துவிட்டார்.

"தாருங்கோ மாமா" என்று பணிவாக வாங்கினாள் மைனி. சுவரைப் பிடித்தபடி நொண்டி நொண்டி முற்றத்துக்குப் போனாள். பொட்டலத்தைப் பிரித்து வாழையின் அடியில் தட்டினாள். "வாழைக்கும் வெளுப்புத் தீனம்தான் மாமா. அது சுகமானா நானும் தின்னுகேன்" என்றாள்.

வைத்தியர் காப்பி குடிக்காமலே போய்விட்டார். அந்தக் காப்பியையும் மைனி வீணாக்கவில்லை, எனக்குத் தந்துவிட்டாள்.

ஆனி பிறந்து சாரல் தொடங்கிய ஒரு காலையில் இமையை இழுத்துக் காட்டினாள். நான் வழக்கம்போல் சக்கைச்சுளை என்று வாயெடுத்தவன் நிறுத்தினேன்.

"என்னடே?"

"மட்டிப்பழம் மைனி."

"சத்தியமா?"

"சத்தியமா. சக்க போயாச்சு."

எங்கள் பக்கத்து வாழைப்பழமான மட்டியின் இளமஞ்சள் கொஞ்ச நாள் அப்படியே இருந்தது. பிறகு எலுமிச்சம்பழம் ஆயிற்று. சோறு கேட்டு வாங்கித் தின்றாள். ஒருநாள் உப்புப் போதவில்லை என்று சத்தம் போட்டாள், அன்றைக்கு அண்ணன் பிள்ளைகளைத் தூக்கி வைத்துக்கொண்டு தனியாகச் சிரித்தான். எலுமிச்சையும் வெளிறிக்கொண்டே வந்தது. பிறகு ஒரு நாள், மழை விட்டு நல்ல வெயில். அவள் வந்து நின்று இமையை இழுத்தாள். நான் கிட்டே போய்ப் பார்த்தேன், தள்ளி நின்றும் பார்த்தேன்.

"நுங்கு!" என்று கத்தினேன். "நுங்கு மைனி, நுங்கு!"

பக்கத்து வீட்டுக்காரர்கள் நுங்கு விற்கிறவன் வந்திருக்கிறான் என்று பாத்திரத்தோடு ஓடிவந்தார்கள். மைனி முற்றத்தில் நின்று சிரித்தாள். அண்ணன் தொழுவத்தில் இருந்து சாணிக் கையோடு வந்து எட்டிப் பார்த்தான். அவனும் வாயைத் திறந்து, எல்லோருக்கும் கேட்கும்படி, "நுங்குதான்" என்றான்.

டாக்டரம்மா வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தாள். மறுபடி ரத்தம் எடுத்தாள். சில நாள் கழித்து அவளும் சிரித்தாள். "மாத்திரைதான். ஒங்க ஈரல் தானாத் தேறி வருகு. முட்டுவலிக்கு இனி ஒத்தடம்தான். கொஞ்ச காலத்துக்கு எண்ணெயில பொரிச்சது மட்டும் தொடாதிங்கோ" என்றாள்.

மைனிக்கு அதெல்லாம் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. தன் வயிற்றின் வலப்பக்கத்தில் கையை வைத்துக்கொண்டு, "அப்பம் எனக்க ஒடம்பு எனக்கு வேண்டியவந்தான்" என்றாள். இந்தச் செய்தியை பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்திருந்த முன்பின் தெரியாத ஒரு பொம்பளையிடமும் சொன்னாள்.

அதற்குப் பிறகு அவள் திருந்திவிட்டாளா என்றால், இல்லை. சோப்பு உருண்டை இருந்தது. வால் ஒடிந்த சாளை வந்தது. ஆனால் எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் பரணைப் பார்க்கத் தொடங்கினாள். "தீனக்காரன் எங்க? சொகமாகிப் போனானா? அப்பம் இந்தக் குப்பி எதுக்கு இங்க இருக்கு?" என்று கேட்டு, உள்ளே இருப்பதை அவர்கள் கையாலேயே குழியில் கொட்டவைப்பாள். கழுவின குப்பியை மட்டும் கையோடு கொண்டுவந்துவிடுவாள்.

ஆவணியில் என் கல்யாணம் நடந்தது. மைனிதான் முன்னால் நின்று எல்லாம் செய்தாள். இன்னும் கொஞ்சம் நொண்டினாள், அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. சாப்பாட்டுப் பந்தியில் எனக்கும் என் பெண்டாட்டிக்கும் எதிர் வரிசையில் உட்கார்ந்தாள். அவள் பக்கத்தில் பெரியம்மா. பரிமாறுகிறவன் எங்கள் வழக்கப்படி இலை மூலையில் எண்ணெயில் வறுத்த ஏத்தங்காய் உப்பேரி வைத்தான், அதன் பக்கத்தில் எண்ணெய் மினுங்க ஒரு பெரிய பப்படம் வைத்தான். தடுக்கக் கை நீட்டுவதற்குள் அடுத்த இலைக்குப் போய்விட்டான்.

மைனி சோற்றைத் தின்றாள். பருப்பு, அவியல், புளிசேரி, பிரதமன், எல்லாவற்றையும் வழித்துத் துடைத்தாள். கழுவி வைத்ததுபோல் இருந்த அந்த இலையில் உப்பேரியும் பப்படமும் மட்டும் தொடாமல் இருந்தன. நான் அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணன் பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு பார்த்தான்.

"ஏட்டி, பப்படம் இருக்கே" என்றாள் பெரியம்மா.

மைனி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். இரண்டு கண்ணும் நுங்குதான். இலையை இரு கையாலும் பிடித்துத் தன் பக்கமாக மடக்கினாள். உள்ளே பப்படம் நொறுங்கிய சத்தம் எனக்கு இந்தப் பக்கம் கேட்டது.

"எடுத்துக் களஞ்சிருங்கோ" என்றாள்.